சிட்ரோயன் டிஎஸ் வாங்கலாமா, 2 சிவி வாங்கலாமா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறேன். வார இறுதிகளில் ஓட்டுவதற்கும் இயன்றவரை நானே பராமரிப்பதற்கும் ஒரு பழைய பிரெஞ்சு கார் வாங்க விரும்புகிறேன். சிட்ரோயன் டிஎஸ் மீது நெடுநாள் ஆசை. நண்பர்களோ அதே நிறுவனத்தின் எளிய சிறிய காரான 2 சிவி போதும் என்கிறார்கள். எதை வாங்கலாம்? வாங்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: பராமரிப்பை நீங்களே செய்வதென்றால் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் டிஎஸ் மீதுதான் மனம் நிலைத்திருக்கிறது என்றால் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அந்தக் காரை இன்றும் விரும்ப வைக்கிற அமைப்பு எதுவோ, அதையே வாங்கும் முன் முதலில் சோதிக்க வேண்டும்.

1955 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் டிஎஸ் அறிமுகமான முதல் நாளிலேயே ஏறத்தாழ 12,000 பேர் முன்பதிவு செய்தனர். உடலை வடித்தவர் இத்தாலியச் சிற்பியான ஃப்ளாமினியோ பெர்தோனி; பொறியியலுக்குத் தலைமை ஏற்றவர் ஆந்த்ரே லெஃபெவ்ர். ஆயினும் அதன் தனித்தன்மைக்கு போல் மஜெஸ் உருவாக்கிய ஹைட்ராலிக் அமைப்பே காரணம் என்பது என் உறுதியான கருத்து. வழக்கமான ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் உலோகக் கோளம் உண்டு. அதனுள் ஒரு ரப்பர் சவ்வின் ஒருபுறம் நைட்ரஜன் வாயுவும் மறுபுறம் திரவமும் இருக்கும். எஞ்சினால் இயங்கும் ஒரே பம்பின் அழுத்தம்தான் சஸ்பென்ஷனுக்கும் பிரேக்குக்கும், பெரும்பாலான டிஎஸ் கார்களில் ஸ்டீயரிங்குக்கும் கியர் மாற்றத்துக்கும் செல்கிறது. 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் அருகே பெத்தி கிளமாரில் பிரெஞ்சு ஜனாதிபதி தெகோல் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது, டயர்கள் துளைக்கப்பட்ட நிலையிலும் அவருடைய டிஎஸ் நிலைகுலையாமல் அவரை அங்கிருந்து கொண்டு சென்றது.

எனவே முதலில் கேட்க வேண்டியது, எந்தத் திரவம் என்பதுதான். தொடக்ககால டிஎஸ் கார்களில் இருந்த செந்நிறத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளிருக்கும் உலோகத்தை அரிக்கும். 1966 இறுதியில் அதற்குப் பதிலாக எல்எச்எம் எனப்படும் பச்சை நிறக் கனிம எண்ணெய் வந்தது. ஒன்றுக்கு உரிய காரில் மற்றதை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். பிரேக்கும் அதே திரவத்தை நம்பியிருப்பதால் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். முதல் முறை வாங்குபவர் பச்சைத் திரவக் கார்களுக்குள்ளேயே தேடுவது நல்லது. அவற்றிலும், சாதாரண கியர்பாக்ஸ் கொண்டு 1969 முதல் வந்த டி ஸ்பெஷல் அல்லது டி சூப்பரை எடுத்தால் சிக்கல் பாதியாகக் குறையும்.

பார்வையிடச் செல்லும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீண்ட நேரம் நின்ற கார் தாழ்ந்து கிடக்கும். எஞ்சினை இயக்கியதும் முதலில் பின்பகுதியும் பிறகு முன்பகுதியும் எழும். எழுந்து நின்றபின் காதைக் கொடுத்துக் கேளுங்கள். அழுத்த ஒழுங்கி அவ்வப்போது ‘டிக்’ என்று ஒலிப்பது இயல்பு. சில நொடிக்கு ஒருமுறை ஒலித்தால் பம்பின் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் பிரதான கோளத்தில் வாயு குறைந்திருக்கலாம், அல்லது எங்கோ கசிவு இருக்கலாம். மூலையில் கையை வைத்து அழுத்தும்போது கார் மென்மையாக இறங்காமல் விறைத்து நின்றால் அந்தச் சக்கரத்தின் கோளத்தில் வாயு குறைந்துவிட்டது. கோளத்தை மாற்றுவது பெரிய செலவல்ல. அதற்காக நல்ல காரைக் கைவிட வேண்டாம்.

கைவிட வேண்டியது துருவுக்காகத்தான். டிஎஸ்ஸின் வெளித்தகடுகள் எலும்புக்கூடு போன்ற அடித்தளத்தின்மீது போல்ட்டால் பொருத்தப்பட்டவை என்பதால், புதிய வண்ணம் பூசிய தகடுகளுக்குப் பின்னால் அடித்தளம் உளுத்துப்போயிருக்க முடியும். பின்சக்கர மட்கார்டை ஒரே ஒரு போல்ட்தான் பிடித்திருக்கிறது. அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

1948-இல் அறிமுகமாகி 1990 வரை தயாரிக்கப்பட்ட 2 சிவியில் இவ்வளவு சிக்கல் இல்லை. காற்றால் குளிரும் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினுக்கு ரேடியேட்டரே கிடையாது. 602 சிசி எஞ்சினுள்ள பிற்காலக் கார் இன்றைய சாலைக்கு ஏற்றது. சேஸி துருப்பிடித்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். துத்தநாகம் பூசிய மாற்றுச் சேஸி கிடைக்கிறது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்தால் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சான கிங்பின்னின் தேய்மானம் தெரிந்துவிடும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, 30 ஆண்டுகளைக் கடந்து, மூல அமைப்பு மாறாத காருக்குப் பிரான்ஸில் ‘கொலெக்சியோன்’ (சேகரிப்புக் கார்) வகைப் பதிவுச் சான்று பெறலாம். அதன்பின் கட்டாயத் தொழில்நுட்பப் பரிசோதனை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான். விற்பவரிடம் அந்தப் பதிவு ஏற்கெனவே இருக்கிறதா என்பதையும், சேஸி எண் சான்றில் உள்ளதோடு பொருந்துகிறதா என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சரிபாருங்கள்.