குத்திய காது ஆறும் வரை

தோல் மருத்துவம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காது குத்துவது, மூக்கு குத்துவது பற்றிக் கடந்த சில மாதங்களில் வந்த கடிதங்களை இந்த இதழுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். அவற்றில் பாதிக்கு மேல் ‘என்ன தடவலாம்?’ என்றே கேட்கின்றன. என் அறைக்குள் வீங்கிய காதுடன் யார் வந்தாலும், துளைக்குள் கிடக்கும் உலோகம் எது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். தடவுகிற பொருளைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் நான்கு மாதங்களுக்கு முன் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் மேல்காதில் ‘கன் ஷாட்’ போட்டுக்கொண்டாள். வலியும் வீக்கமும் இன்னும் போகவில்லை. கம்மல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் அதைத் திருப்பிவிட்டு, மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வைக்கிறோம். சரிதானா?
– வாசகி, திண்டுக்கல்

காதின் அடியிலுள்ள மெத்தென்ற சோணை ஆறுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் போதும். மேல்காது குருத்தெலும்பால் ஆனது. அதற்கென்று தனி ரத்த ஓட்டம் கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம் போகிறது. அதனால் அது முழுமையாக ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். நான்காவது மாதத்தில் தொட்டால் சற்று வலிப்பது இயல்பே. ஆனால் சோணை சாதாரணமாக இருக்க, மேல்காது மட்டும் சிவந்து, சூடாகி, விரல் பட்டாலே துடிக்கும் அளவுக்கு வலித்தால், அது குருத்தெலும்புச் சவ்வில் ஏற்பட்ட தொற்று. அப்போது மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். இந்தத் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் சூடோமோனாஸ் என்ற கிருமி, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அமாக்ஸிசிலினுக்குக் கட்டுப்படாது. தாமதித்தால் குருத்தெலும்பு கரைந்து காது சுருங்கிவிடும்.

‘கன் ஷாட்’ போடும் துப்பாக்கியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கூரான ஊசி தோலை வெட்டிக்கொண்டு போகிறது; துப்பாக்கியோ கம்மலின் மழுங்கிய முனையையே ஸ்பிரிங் வேகத்தில் உள்ளே தள்ளுவதால் குருத்தெலும்பு நசுங்குகிறது. மேலும் அதன் பிளாஸ்டிக் உடலை 121 டிகிரி நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்க முடியாது என்பதால், பெரும்பாலான கடைகளில் ஏதோவொரு திரவத்தால் துடைத்துவிட்டு அடுத்தவர் காதில் வைக்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு ஒரே கடையில் காது குத்திக்கொண்ட ஏழு பேருக்கு சூடோமோனாஸ் தொற்று உறுதியானபோது, கிருமிநாசினி வைத்திருந்த பாட்டிலிலேயே அந்தக் கிருமி குடியிருந்தது தெரியவந்தது. சோணையைத் துப்பாக்கியில் குத்துவதையே நான் விரும்புவதில்லை. மேல்காதில் அது கூடவே கூடாது.

உங்கள் மகளுக்கு நான் மேலே சொன்ன அறிகுறிகள் இல்லையென்றால், முதல் வேலையாகத் திருப்புவதை நிறுத்துங்கள். தண்டைச் சுற்றிக் காய்ந்து கிடக்கும் வெள்ளை அல்லது இளமஞ்சள் பொருக்கு சீழ் அன்று. புண்ணிலிருந்து கசியும் நிணநீர் உலர்ந்தது. திருப்பும்போது அந்தப் பொருக்கு துளைக்குள் இழுபட்டு, புதிதாக வளர்ந்த தோலைக் கீறுகிறது. நான்கு மாதமாக நீங்கள் ஒவ்வொரு நாள் காலையும் ஒரு சின்னப் புண்ணை உண்டாக்கிவிட்டு, அதற்கு மருந்தும் வைத்து வந்திருக்கிறீர்கள். எண்ணெய் துளையை அடைத்துத் தூசியை ஒட்டவைக்கும். அஞ்சறைப் பெட்டியிலுள்ள மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. ரசத்தில் மஞ்சள் போடுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை!

மருந்துக்கடையில் 0.9 சதவீத நார்மல் சலைன் கிடைக்கும். சிறிய அளவாகக் கேட்டு வாங்குங்கள், திறந்ததை நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். காலையும் இரவும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, சலைனில் நனைத்த காஸ் துணியைக் காதின் முன்னும் பின்னும் இரண்டு மூன்று நிமிடம் ஒற்றிப் பிடித்தால் பொருக்கு ஊறித் தானாகவே கழன்று வரும். வராததை நகத்தால் கிள்ள வேண்டாம். பின்னர் சுத்தமான டிஷ்யூ காகிதத்தால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். பஞ்சின் இழைகள் தண்டில் சுற்றிக்கொள்ளும். சலைன் கிடைக்காத ஊரில், கொதித்து ஆறிய கால் லிட்டர் தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பு போதும். கூடுதலாகப் போட்டால் தோல் வறண்டு வெடிக்கும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை கிருமியோடு சேர்த்துப் புதிய செல்களையும் கொல்பவை. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பதையும், ஹெல்மெட்டை இழுத்து மாட்டுவதையும், அந்தக் காதில் போனை அழுத்திப் பேசுவதையும் உங்கள் மகள் தவிர்க்க வேண்டும்.

ஒருவேளை கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சீழ் வந்தால், பயந்துபோய் நீங்களே கம்மலைக் கழற்றிவிடாதீர்கள். துளை மேலே மூடிக்கொள்ள, சீழ் உள்ளே அடைபடும். கழற்றுவதா வேண்டாமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

மகளுக்கு மூக்கு குத்தப் போகிறோம். 916 தங்கத்தில் போடலாம் என்கிறார் என் மாமியார். டைட்டானியம்தான் நல்லது என்கிறாள் மகள். கடையிலோ ‘அலர்ஜி வராத சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?
– வாசகி, திருப்பூர்

முதலில் எதிரியை அறிமுகப்படுத்துகிறேன். நகை ஒவ்வாமைக்கு மிகப் பெரிய காரணம் நிக்கல். வியர்வையும் நிணநீரும் பட்டு உலோகத்திலிருந்து நிக்கல் துகள் துகளாகக் கரைந்து தோலுக்குள் போகிறது. உடலின் எதிர்ப்பு அணுக்கள் அதை ஒருமுறை பகையாகக் குறித்துக்கொண்டால் அநேகமாக ஆயுள் முழுவதும் மறப்பதில்லை. ஆறிய தோலைவிடத் திறந்த புண் வழியே இந்தப் பகை எளிதாக மூளும் என்பதால்தான், பத்தாவது கம்மலைவிட முதல் கம்மலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும் என்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில், குத்திய துளைக்குள் போகும் தண்டிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்பது சட்டம். தோலின் மேல் மட்டும் படும் கைக்கடிகாரம் போன்றவற்றுக்கு அந்த வரம்பு 0.5. துளைக்குள் போவதற்கு ஏன் கூடுதல் கண்டிப்பு என்பது உங்களுக்கு இப்போது விளங்கும்.

‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்ற பெயரைச் சொல்லி எதை வேண்டுமானாலும் விற்கலாம். 316எல் வகை ஸ்டீலில் நூற்றுக்கு 10 முதல் 14 பங்கு நிக்கல் இருக்கிறது. மேற்பரப்பில் படியும் குரோமிய ஆக்சைடு அதைக் கட்டிவைப்பதால் நன்கு மெருகேற்றிய தண்டிலிருந்து கசிவு மிகக் குறைவு. கீறலும் சொரசொரப்பும் உள்ள மலிவான தண்டில் அந்தக் காவல் நிலைக்காது. முன்பே நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எந்த ஸ்டீலையும் நான் பரிந்துரைப்பதில்லை.

உங்கள் மகள் சொல்வது சரி. எலும்புக்குள் பொருத்தும் திருகுகளுக்குப் பயன்படும் டைட்டானியக் கலவைக்கு ஏஎஸ்டிஎம் எஃப் 136 என்ற தரக்குறி உண்டு. அந்தக் குறி அச்சிட்ட உலோகச் சான்றிதழை விற்பவரால் காட்ட முடிகிறதா என்று கேளுங்கள். காட்ட முடியாமல் ‘எல்லாரும் வாங்குகிறார்கள், அம்மா’ என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். காந்தத்தை வைத்துப் பார்த்துப் பயனில்லை. டைட்டானியமும் ஒட்டாது, 316எல் ஸ்டீலும் ஒட்டாது. ஆனால் ஒரே அளவுள்ள இரண்டை உள்ளங்கையில் வைத்தால், டைட்டானியம் ஸ்டீலில் ஏறக்குறைய பாதி எடைதான் இருக்கும்.

மாமியாரின் தங்கமும் கெட்டதன்று. 916 என்பது நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம் என்பதற்கு மட்டுமே உறுதி, மிச்சமுள்ள 8.4 பங்கில் என்ன கலந்திருக்கிறது என்பதை முத்திரை சொல்லாது. வழக்கமாகச் செம்பும் வெள்ளியும்தான் சேர்க்கிறார்கள், அவற்றால் தொல்லை குறைவு. வெள்ளைத் தங்கத்தில் நிறத்துக்காக நிக்கல் சேர்ப்பதுண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாங்க வேண்டாம். 22 காரட்டின் உண்மையான குறை, அதன் மென்மை. பழைய மூக்குத்தி ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், தண்டில் வெட்டிய மரை ஒவ்வொன்றும் அரத்தின் பல்போல நிற்பதும், அந்தப் பள்ளங்களில் காய்ந்த அழுக்கு கறுப்பாக அப்பியிருப்பதும் தெரியும். புதுப் புண்ணுக்குள் இதைத்தான் இழுத்து நுழைக்கிறோம். மரை துளைக்குள் வராதபடி, வழவழப்பான தண்டும் தட்டையான பின்பக்கமும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். தங்கம்தான் வேண்டுமென்றால் 18 காரட், அதாவது 750 முத்திரை உள்ளது, 22 காரட்டைவிடக் கெட்டியானது.

வெள்ளி வியர்வையில் கறுத்துத் தோலில் கறையை விட்டுச்செல்லும். ஐம்பொன்னில் செம்பு கலந்திருக்கிறது. சிதம்பரம் கவரிங் கண்ணுக்கு அழகுதான், ஆனால் முலாம் தேய்ந்ததும் உள்ளிருக்கும் உலோகம்தான் புண்ணோடு பேசும். இவையெல்லாம் ஆறிய காதுக்கு உரியவை.

என் முடிவு: முதல் நான்கு முதல் ஆறு மாதங்களுக்கு டைட்டானியம், துளை ஆறியபின் மாமியார் வாங்கித்தரும் தங்க மூக்குத்தி. வீட்டில் இருவருக்கும் வெற்றி. முதலில் போடும் தண்டு, வீக்கத்துக்கு இடம் கொடுக்கச் சற்று நீளமாக இருக்க வேண்டும். நாலைந்து வாரத்தில் வீக்கம் வடிந்ததும், குத்தியவரிடமே போய்ச் சிறியதாக மாற்றிக்கொள்ளாவிட்டால் அது ஆடி ஆடித் துளையைப் புண்ணாக்கும்.

நிக்கல் ஒவ்வாமையா, தொற்றா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், காரைக்குடி

ஓரளவுக்கு முடியும். ஒவ்வாமையில் அரிப்பு மிகுதி, வலி குறைவு; நீர் கோத்துக் கசியும், தோல் செதிலாக உரியும். ஜீன்ஸ் பொத்தான் படும் இடத்தில், தொப்புளுக்குக் கீழே, அதேபோன்ற தடிப்பு எப்போதாவது வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். உறுதி செய்ய, முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது.

துளை மூடிக்கொள்ளாமல் இருக்க வேப்பங்குச்சியோ விளக்குமாற்று ஈர்க்குச்சியோ செருகி வைக்கலாமா? எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிறார்கள்.
– வாசகி, விருத்தாசலம்

கூடாது. நார் உதிரும், ஈரத்தை உறிஞ்சும், தரையைக் கூட்டிய குச்சியில் தனுர்வாதக் கிருமியின் வித்துகள் இருக்கலாம்.

குலதெய்வம் கோயிலில் மூன்று மாதக் குழந்தைக்கு முடி இறக்கிக் காது குத்த வேண்டும் என்று நாள் குறித்துவிட்டார்கள். குத்தலாமா?
– வாசகி, தேனி

பிறந்த 6, 10, 14-ஆவது வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசியில் தனுர்வாதத்துக்கு எதிரான மருந்தும் அடங்கியிருக்கிறது. மூன்று தவணையும் முடிந்தபின் குத்துவதையே நான் விரும்புவேன். முடியை இப்போது இறக்கிவிட்டு, காது குத்தைச் சில வாரங்கள் தள்ளிவைக்க முடியுமா என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தாய்மாமன் மடி என்பது கோயிலில் மட்டும் இருப்பதன்று. மருத்துவமனை நாற்காலியிலும் அவர் உட்காரலாம்.

கோயிலில்தான் என்றால், குத்தும் ஆசாரியிடம் முன்கூட்டியே பேசி, பையிலிருந்து அப்போது பிரித்தெடுக்கும் புது ஊசியால் குத்தச் சொல்லுங்கள். கம்பியை வெந்நீரில் போட்டு எடுப்பது போதாது, தனுர்வாத வித்துகள் கொதிநீருக்குத் தப்பிவிடும். தொங்கட்டான் வேண்டாம், குழந்தை பிடித்து இழுக்கும். திருகாணி எளிதில் கழலாததாக இருக்கட்டும். கழன்றால் அது நேராக வாய்க்குத்தான் போகும். மரத்துப்போவதற்கான களிம்பை மருத்துவரைக் கேட்காமல் தடவாதீர்கள், சின்னஞ்சிறு குழந்தைகளின் ரத்தத்தில் அது ஆக்சிஜன் ஓட்டத்தைக் கெடுக்கக்கூடும். இதயக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தையென்றால், இதய மருத்துவர் சம்மதம் தராமல் குத்தக் கூடாது.

மூக்கு குத்தி ஆறு வாரமாகிறது. துளையை ஒட்டி மிளகளவு சிவப்புக் கட்டி வந்திருக்கிறது. கீலாய்டு என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள். சுண்ணாம்பு வைத்தால் உதிரும் என்கிறார் பாட்டி.
– வாசகி, மதுரை

ஆறு வாரத்தில், சிவப்பாக, ஈரமாக, தொட்டால் ரத்தம் கசிவதாக இருந்தால் அது பெரும்பாலும் உராய்வினால் வளரும் புண்சதை. தண்டு நீளமா, கோணலா, முகம் துடைக்கும்போது துண்டில் மாட்டுகிறதா என்று பாருங்கள். காரணத்தை நீக்கினால் சில வாரங்களில் அது அமுங்கிவிடும். கீலாய்டு என்பது அளவுக்கு மீறி வளரும் தழும்பு; அது பெரும்பாலும் மாதக்கணக்கில் கழித்து வரும். கெட்டியாக, வழவழப்பாக, அரிப்புடன், புண்ணின் எல்லையையும் தாண்டி வளரும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ அப்படி வந்திருந்தால் குத்துவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். அதை வெறுமனே வெட்டி எடுத்தால் முன்பைவிடப் பெரிதாக வளரக்கூடும் என்பதால், ஸ்டீராய்டு ஊசியும் சேர்த்தே சிகிச்சை செய்கிறோம்.

பாட்டியிடம் சுண்ணாம்பை வெற்றிலையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மூக்கில் வைத்தால் கட்டியோடு சேர்ந்து தோலும் வெந்துபோகும்.

எழுபது வயதான என் அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும். நாற்பது வருடமாகக் கழற்றாத மூக்குத்தி இறுகிப்போயிருக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், கும்பகோணம்

தங்கம் காந்தத்தால் இழுபடுவதில்லை என்றாலும், ஸ்கேன் செய்பவரிடம் சொல்லாமல் உள்ளே போகக் கூடாது. கழற்ற முயலும்போது அம்மாவைப் படுக்கவைக்காதீர்கள். நம் ஊரில் மூக்குத்தியின் திருகாணி உள்நோக்கி விழுந்து, மூச்சோடு நுரையீரல் குழாய்க்குள் போய், அதை எடுக்க, மூச்சுக்குழாய்க்குள் கருவியை விடும் பிராங்கோஸ்கோப்பி செய்யவேண்டி வந்ததுண்டு. நேராக உட்காரவைத்து, தலையை முன்னால் சாய்த்து, வாயால் மூச்சுவிடச் சொல்லுங்கள். முதல்நாள் இரவிலிருந்தே வெதுவெதுப்பான சலைனில் நனைத்த காஸ் துணியை ஒற்றி ஒற்றி, மரையில் இறுகிய அழுக்கை ஊறவிடுங்கள். அதன்பிறகும் அசையாவிட்டால், நகை செய்யும் பத்தர் ஒருவரையோ காது மூக்குத் தொண்டை மருத்துவரையோ நாடி, திருகாணியை வெளியே தெரியுமாறு பிடித்துக்கொண்டு வெட்டி எடுக்கச் சொல்லலாம்.

என்னிடம் வந்த ஓர் அம்மையாருக்கு இப்படித்தான் கழற்றினோம். மடியில் விரித்திருந்த வெள்ளைத் துண்டில் திருகாணி விழுந்ததும், அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “ஸ்கேன் முடிஞ்சதும் இதையே போட்டு விடுவீங்களா, டாக்டர்?” என்று கேட்டார். நாற்பது வருடத் துளை என்றாலும் சிலருக்குச் சில நாட்களிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். ஆகையால், உங்கள் அம்மாவுக்கும் ஸ்கேன் முடிந்த அன்றே, நன்கு கழுவிய தண்டுடன் மூக்குத்தியை மீண்டும் போட்டுவிடுங்கள்.