சின்னக் கல்லூரியில் உளவியல் படிக்கலாமா?

கேள்வி: அக்கா, குழந்தை வளர்ச்சி, உளவியல் இதெல்லாம்தான் படிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. உளவியல் இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பில் மொத்தமே 22 பேர், இரண்டு மேடம்கள், பெரிய லேப் எதுவும் கிடையாது. “இதுக்குப் பேசாம பி.காம். சேரு” என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?
– வாசகி, மணப்பாறை

பதில்: சேருங்கள் தங்கச்சி. லேப் இல்லையே என்று தயங்க வேண்டாம், உங்கள் தெரு அங்கன்வாடி இருக்கிறதே. கைக்குழந்தைகள் எப்படி யோசிக்கப் பழகுகிறார்கள் என்று சுவிஸ் உளவியலாளர் பியாஜே எழுதியதெல்லாம் தன் சொந்தப் பிள்ளைகள் மூன்று பேரைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் குறித்து வைத்ததில் வந்ததுதான்.

நானும் சின்னக் கல்லூரியில் படித்தவள். இரண்டாம் வருஷம் எங்கள் மேடம் கை நிறையப் புளியங்கொட்டையைக் கொடுத்து அங்கன்வாடிக்கு அனுப்பினார். நாலரை வயசுப் பெண் ஒருத்தி முன்னால் ஆறு ஆறாக இரண்டு வரிசை வைத்தேன், “ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள். ஒரு வரிசையை மட்டும் கொஞ்சம் அகட்டி வைத்து மறுபடி கேட்டேன், “இதுதான் நிறைய” என்று நீளமான வரிசையைக் காட்டினாள். சின்னப் பிள்ளைகள் எண்ணிக்கையை விட்டுவிட்டு நீளத்தைப் பார்த்தே ‘நிறைய’ என்பார்கள் என்று பியாஜே சொன்னபடியே நடந்துவிட்டது என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டு வந்தேன். மேடம் நோட்டைப் படித்துவிட்டு, “ஒரே கேள்வியைப் பெரியவங்க ரெண்டு தடவை கேட்டா, முதல்ல சொன்னது தப்புன்னு பிள்ளை நினைக்காதா?” என்றார். அப்புறம்தான் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1970களில் செய்த சோதனையைச் சொன்னார். அதில் வரிசையைக் கலைப்பது ஒரு குறும்புக் கரடிப் பொம்மை. பொம்மை கலைத்தபோது, இரண்டும் சமம்தான் என்று சரியாகச் சொன்ன பிள்ளைகள் வெகுவாகக் கூடிவிட்டார்கள். அறுபது பேர் உட்காரும் வகுப்பில் என் நோட்டை இவ்வளவு நிதானமாக யார் புரட்டியிருப்பார்கள்?

ஆனால் ஒன்று. பணம் கட்டும் முன் நேரில் போய், களப்பயிற்சிக்கு எங்கே அனுப்புவீர்கள், எத்தனை நாள், கூட யார் வருவார்கள் என்று கேளுங்கள். “அதெல்லாம் பார்த்துக்கலாம்மா” என்று பதில் வந்தால் வேறு கல்லூரி பாருங்கள். அப்பாவிடமும் எதையும் மறைக்காதீர்கள். மூன்று வருஷப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது, மேலே படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அங்கே பதிவும் செய்ய வேண்டும். சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆவதற்கும் அதே கவுன்சிலின் பதிவு வேண்டும். இத்தனை வருஷம், இவ்வளவு செலவு என்று இப்போதே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினால் அவர் பயமும் பாதி குறையும்.

சரி, கல்லூரி திறக்கும்வரை சும்மா இருக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையை, அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, தினம் பத்து நிமிஷம் பார்த்து எழுதுங்கள். ‘அடம் பிடித்தான்’ என்று எழுத வேண்டாம். ‘தம்ளரை இரண்டு தடவை தள்ளினான், அம்மா முகத்தைப் பார்த்தான், மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டான்’ என்று எழுதுங்கள்.