விரல் முந்துகிறதா? ட்ரிக்கர் வாங்காதீர்கள்

கேள்வி: முழுக்க இழுக்க 40 பவுண்டு பாரம் கேட்கும் மர ரீகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த) வில் வைத்திருக்கிறேன். குறி நிலைப்பதற்குள் விரல்கள் நாணை விட்டுவிடுகின்றன. ட்ரிக்கர் வைத்த ரிலீஸ் (விரலுக்குப் பதிலாக நாணைப் பிடித்து விடும் கருவி) வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

ரிலீஸ் காம்பவுண்டு வில்லுக்கான சாமான். அந்த வில்லின் நுனிகளில் சக்கரங்கள் இருப்பதால், 60 பவுண்டு வில்லை முழுக்க இழுத்தபின் கையில் நிற்பது 15 பவுண்டு அளவுதான். உங்கள் வில்லில் இழுக்க இழுக்க பாரம் ஏறும். பாதி இழுப்பில் ட்ரிக்கரில் விரல் பட்டால் உங்கள் முஷ்டியே உங்கள் தாடையைப் பதம் பார்க்கும். போட்டியிலும் ரீகர்வ், பேர்போ (குறிகாட்டி இல்லாத வெறும் வில்) பிரிவுகளில் ரிலீஸ் கூடாது. விற்பவர் இதைச் சொல்வதில்லை. இந்த ஒரு வரி விதியைத் தமிழில் எழுதி மைதானத்தில் ஒட்ட ஒருவருக்கும் நேரமில்லை. பிள்ளைகள் காசைக் கொட்டிவிட்டுக் கருவிச் சோதனை மேசையில் முழிக்கிறார்கள்.

உங்கள் சிக்கல் பாரம். வில்லில் எழுதிய 40 பவுண்டு, 28 அங்குல இழுப்புக்கான கணக்கு. நீங்கள் 30 அங்குலம் இழுத்தால் இன்னும் நாலைந்து பவுண்டு கூடும். ‘ஆம்பளைக்கு 40 வேண்டாமா’ என்று தலையில் கட்டியிருப்பார்கள். 25 பவுண்டு வில் ஒன்றை இரவல் வாங்கி, மூன்று மீட்டரில், குறி எதுவும் ஒட்டாத வைக்கோல் கட்டைப் பார்த்துச் சில வாரம் எய்யுங்கள்.

ட்ரிக்கர் அம்பிலேயே இருக்கிறது. முழு இழுப்பில் அம்பின் இறகு மூக்கு நுனியைத் தொடட்டும். தொட்டால் விடுங்கள். அதற்கு முன்பே விடத் தோன்றினால், எய்யாமல் நாணை மெதுவாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். இந்தத் திரும்புதல்தான் பாதி வைத்தியம்.

அப்புறம் பிடி. இறுக்கினால் விடும்போது வில் திரும்பி, அம்பு பக்கவாட்டில் ஓடும். பத்து அம்புக்குப் பின் உள்ளங்கையைப் பாருங்கள்: சிவந்த தடம் ஆயுள் ரேகைக்குக் கட்டைவிரல் பக்கம் இருக்க வேண்டும். ரேகையைத் தாண்டியிருந்தால் அழுத்திப் பிடிக்கிறீர்கள்.

நாணை இழுக்கக் கட்டைவிரலில் மாட்டும் மோதிரம் வேறு சங்கதி. கொரியாவில் 145 மீட்டர் தூரத்துக்கு அதை மாட்டித்தான் எய்கிறார்கள்; துருக்கி, மங்கோலிய மரபுகளிலும் கட்டைவிரல்தான் நாணை இழுக்கும். ஆனால் மோதிரத்தில் ட்ரிக்கர் எதுவும் கிடையாது. கட்டைவிரலை ஆள்காட்டி விரல் பூட்டுகிறது, அது தளர்ந்தால் நாண் வழுக்கிப் போகிறது. இப்படி இழுக்கும் வலக்கைக்காரருக்கு அம்பு வில்லின் வலப்பக்கம் அமர வேண்டும். உங்கள் வில்லில் அம்பு அமரும் மேடையை இடப்பக்கம் வெட்டியிருப்பார்கள். மோதிரத்தையும் ‘பாரம்பரிய ரிலீஸ்’ என்று நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். இழுக்கும்போதே அம்பு மேடையை விட்டு விலகிக் கீழே விழும்.