பால்வினை நோய்ப் பரிசோதனை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் எல்லாரும் தெரிந்தவர்கள். எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தால் வெளியே தெரிந்துவிடாதா?

பக்கத்து மாவட்டத்து நம்பிக்கை மையத்துக்கு (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) போங்கள். எங்கும் இலவசம்தான், டாக்டர் சீட்டு வேண்டாம். முதலில் ஆலோசகர் தனியாகப் பேசுவார், உங்கள் சம்மதம் வாங்கிய பிறகே ரத்தம் எடுப்பார்கள். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, முடிவைப் பிறரிடம் சொல்லக் கூடாது. பெரும்பாலும் விஷயம் கசிவது நம் கைப்பேசி வழியாகத்தான். தனியார் லேப்பில் வீட்டு நம்பரைக் கொடுப்போம், ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழும், வேறு யாராவது திறந்து பார்ப்பார்கள். "நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று பில் போடும்போதே சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு முறை தவறு செய்தேன். ஆறு மாதமாகப் பல எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தும் நெகட்டிவ்தான். பயம் போகவில்லை.

லேப்பில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட் (கிருமியின் புரதம், அதற்கு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரண்டையும் தேடுவது), தொடர்பு நடந்து 45 நாள் கழித்து நெகட்டிவ் என்றால் போதுமானது. விரலில் குத்தி எடுக்கும் ரேபிட் டெஸ்ட்டுக்கு 90 நாள். தொற்றைத் தடுக்கும் 28 நாள் மாத்திரை சாப்பிட்டிருந்தால், அதை முடித்த நாளிலிருந்து எண்ண வேண்டும். (அந்த மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன்.) உங்களுக்கு இந்தக் கெடு எல்லாமே தாண்டிவிட்டது, ஆகவே இன்னொரு டெஸ்ட் வேண்டாம். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் இரண்டு நாள் நிம்மதி தந்து, அடுத்த ரிப்போர்ட்டைக் கேட்க வைக்கும். கண்ணாடியில் நாக்கைப் பார்ப்பது, கழுத்தில் நெறிகட்டியிருக்கிறதா என்று தடவுவது, இணையத்தில் அறிகுறி தேடுவது எல்லாம் அதே சுழல்தான். பல நேரம் குற்ற உணர்ச்சியே நோய்ப் பயமாக வேடம் போடுகிறது. மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள். கட்டணமில்லை.

நான் ஐந்து மாத கர்ப்பிணி. வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் என்கிறார்கள். மாமியார் என்னைத்தான் குறை சொல்கிறார். கணவர் டெஸ்ட்டுக்கே வர மறுக்கிறார்.

வி.டி.ஆர்.எல். என்பது சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான முதல்கட்ட ரத்தப் பரிசோதனை. அதை மட்டும் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. கர்ப்பத்தாலும் வேறு சில நோய்களாலும்கூட அது பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை எடுத்து உறுதி செய்ய வேண்டும். சிபிலிஸ் என்றே உறுதியானாலும், யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எப்போது வந்தது என்று அந்த ரிப்போர்ட் சொல்லாது. ஆண்டுக்கணக்கில் அறிகுறி இல்லாமல் உள்ளே இருக்கும் நோய் இது. மாமியாரிடம் இதை நீங்கள் வாதாட வேண்டியதில்லை. டாக்டர் வாயால் வரட்டும்.

சிகிச்சை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி, ஒரு தவணைக்கு 24 லட்சம் யூனிட். எப்போது தொற்றியது என்று தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று தவணை. கர்ப்பிணி நடுவில் ஒரு வாரம் தவறவிட்டால் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். போட்ட 24 மணி நேரத்துக்குள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். அதை ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். வயிறு இழுத்துப் பிடித்தாலோ குழந்தை அசைவு குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கணவரிடம் "உங்களால் வந்தது" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "குழந்தைக்காக இரண்டு பேரும் ஊசி போட வேண்டுமாம், டாக்டர் கூப்பிடுகிறார்" என்று அடுத்த செக்கப்புக்கு அழைத்து வாருங்கள். அவருக்குச் சிகிச்சை நடக்காவிட்டால் உங்களுக்கு மறுபடி தொற்றும். இருவருக்கும் முடியும்வரை உறவு வேண்டாம். அடித்துவிடுவார் என்ற அச்சம் இருந்தால் வீட்டில் பேச்சே எடுக்காமல் முதலில் ஆலோசகரிடம் சொல்லுங்கள். ஊசிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். குணமான பிறகும் டி.பி.எச்.ஏ. பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும், அடுத்த பிரசவத்தில் இதே கேள்வி வரும்.

வேலைக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் கேட்கலாமா?

இந்தியாவில் கூடாது, மேற்சொன்ன சட்டமே தடுக்கிறது. வளைகுடா விசா வேறு கதை, அங்கே மெடிக்கலில் கட்டாயம். ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டும் முன்பே நம்பிக்கை மையத்தில் பார்த்துவிடுங்கள். 'அன்ஃபிட்' என்ற ஒற்றைச் சொல்லில், பக்கத்தில் ஆலோசகர்கூட இல்லாமல், முதல்முறையாகத் தெரிந்துகொள்வது கொடுமை.

யூரின் டெஸ்ட் நார்மல். பால்வினை நோய் இல்லைதானே?

சாதாரண யூரின் டெஸ்ட் கிளமிடியாவையோ கொனோரியாவையோ கண்டுபிடிக்காது. கிருமியின் மரபணுவைத் தேடும் 'நாட்' (NAAT) டெஸ்ட் என்று தனியாகக் கேளுங்கள். ஒரு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்து, பிறப்புறுப்பைக் கழுவாமல், முதலில் வரும் 20–30 மில்லியைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். நடுவில் வருவதைப் பிடித்தால் கிருமி சிக்காமல் போகலாம்.