குஸ்கோவைக் கடைசிக்கு வையுங்கள்

கேள்வி: ஜூனில் அம்மாவுடன் (62 வயது) பெரு போகிறேன். முதல் இரண்டு நாள் குஸ்கோ, அப்புறம் மச்சு பிச்சு என்று திட்டம். அந்த உயரம் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா? ஊருக்குள் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: திட்டத்தைத் தலைகீழாக்குங்கள். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மச்சு பிச்சு 2,430 மீட்டர்தான். குஸ்கோ விமான நிலையத்திலிருந்து நேராகக் காரில் ஒல்லந்தாய்தம்போ என்ற ஊருக்கு (சுமார் 2,800 மீட்டர்) இறங்கிவிடுங்கள். மச்சு பிச்சு ரயில் அங்கிருந்தே கிடைக்கும். குஸ்கோவுக்குத் திரும்பும்போது உடம்பு ஓரளவு பழகியிருக்கும். அம்மாவுக்கு இதயம், நுரையீரல் தொந்தரவு ஏதாவது உண்டென்றால் டிக்கெட் போடும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். அங்கே தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம், சும்மா இருக்கும்போதே மூச்சிரைப்பு என்று வந்தால் காத்திருக்காமல் உயரம் குறைந்த இடத்துக்கு இறங்க வேண்டும்.

ஊருக்குள் சுவர்களைப் பாருங்கள். நான் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் குஸ்கோவின் வரலாறே சுவரில்தான் இருக்கிறது. இன்கா பேரரசின் தலைநகரான இதை 1533இல் ஸ்பானியர் பிடித்தார்கள். பல இடங்களில் இன்கா சுவரை அடித்தளமாக வைத்து அதன்மேலேயே தங்கள் கட்டடங்களை எழுப்பினார்கள். கொரிகாஞ்சா என்ற சூரியக் கோயிலின் பொன் தகடுகளைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அங்கே சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1950இல் நிலநடுக்கம் வந்தபோது மடம் பலத்த சேதமடைந்தது. சாந்து பூசாமல் கல்லோடு கல் இழைத்து, சற்றே உள்சாய்வாகக் கட்டிய இன்கா சுவர்கள் நின்றன. ஹாத்துன் ருமியோக் தெருவில் பன்னிரண்டு மூலைக் கல் இருக்கிறது. எல்லாரும் அதைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் தெரு முழுவதும் மெதுவாக நடந்து பாருங்கள்.

பேராலயத்தில் மார்கோஸ் சபாத்தா வரைந்த 'கடைசி இராவுணவு' ஓவியம் இருக்கிறது. இயேசுவின் முன்னால் தட்டில் கிடப்பது அந்த ஊர்க்காரர்கள் விரும்பிச் சாப்பிடும் கினிப்பன்றி! சக்சய்வாமன் கோட்டைக்கு டாக்சியில் ஏறி, நடந்து இறங்குங்கள். அம்மாவுக்கு இறக்கமும் டாக்சியில்தான்.

ஜூன் 24 இன்டி ராய்மி, சூரியத் திருவிழா. அந்த வாரம் போவதானால் அறையை இப்போதே பதிவு செய்யுங்கள். ஜூனில் இரவுக் குளிர் கடுமை, கம்பளி அவசியம். கோகா இலைத் தேநீர் அங்கே சாதாரணம், குடிக்கலாம். இலையையோ தேநீர்ப் பையையோ மட்டும் ஊருக்குக் கொண்டுவர வேண்டாம். இந்தியாவில் அது சட்டவிரோதம்.