கூழ் ஏன் இறுகுகிறது?

கேள்வி: என் மகளுக்கு ஆறு மாதம் நிறைந்துவிட்டது. கேழ்வரகுக் கூழ் ஆறியதும் களிபோல இறுகிவிடுவதால் தண்ணீர் சேர்த்தே ஊட்டுகிறேன். இது சரியா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தண்ணீர் கூடக்கூட, குழந்தையின் சின்னஞ்சிறு வயிறு நிரம்புமே தவிரச் சத்து குறைந்துவிடும். அதைவிடக் கேழ்வரகை முளைகட்டுவதே நல்ல வழி. இரவு முழுவதும் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் ஓரிரு நாள் கட்டிவைத்தால் முளை விடும். அதை நன்கு உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து, முளையைத் தேய்த்து நீக்கிய பின் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். முளைக்கும்போது உருவாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சிதைப்பதால், கூடுதலாக மாவு சேர்த்தாலும் கூழ் இளக்கமாகவே இருக்கும். தானியத்திலுள்ள இரும்புச்சத்தும் உடலில் எளிதாகச் சேரும். ஈரத்தில் கிருமிகள் பெருகக்கூடும் என்பதால், கூழை நன்றாகக் கொதிக்கவிட்டே இறக்க வேண்டும். உப்பும் சர்க்கரையும் வேண்டாம். பாட்டிமார் எவ்வளவு வற்புறுத்தினாலும், ஒரு வயது நிறையும்வரை தேன் கூடவே கூடாது. வெறும் கூழோடு நிறுத்திவிடாமல், குழைய வேகவைத்த பருப்பையும் மசித்த கீரையையும் ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். தாய்ப்பாலும் தொடரட்டும்.