“பேசறதுக்கெல்லாம் எவன் காசு குடுப்பான்?”

கேள்வி: கோபிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. பி.எஸ்ஸி. சைக்காலஜி கடைசி வருடம் படிக்கிறேன். பள்ளியிலிருந்து வாலிபால் ஆடுகிறேன், செட்டர். பிளஸ் டூ படிக்கும்போது மண்டலப் போட்டியில் செட் முடியும் தறுவாயில் 24-24 என்று இருந்தபோது நான் போட்ட சர்வீஸ் நெட்டில் விழுந்தது. தோற்றோம். அதற்குப் பிறகுதான் விளையாட்டு உளவியல் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இப்போது ஒரு ஆன்லைன் கோர்ஸ் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம், 40,000 ரூபாய், முடித்தால் ‘பெர்ஃபார்மன்ஸ் கோச்’ சான்றிதழ். அப்பா வாழை விவசாயி. “பேசறதுக்கெல்லாம் எவன் காசு குடுப்பான்?” என்கிறார். சேரலாமா? இதில் பிழைக்க முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அம்மிணி, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். “இந்த வாரத்தோடு சலுகை முடிகிறது” என்று போன் மேல் போன் வரும். வரட்டும்.

‘பெர்ஃபார்மன்ஸ் கோச்’ என்று நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம், உரிமம் எதுவும் தேவையில்லை. ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். அமெரிக்காவில் விளையாட்டு உளவியலுக்கென்று இருக்கும் சங்கம் ஒரு சான்றிதழ் தருகிறது. அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் 400 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும், அப்புறம் ஒரு தேர்வும் எழுத வேண்டும். லேப்டாப் முன்னால் மூன்று மாதம் உட்கார்ந்து வாங்கும் தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கோச் என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. 2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு மனப் பயிற்சியாளராக இருந்த பேடி அப்டன் உளவியல் மருத்துவர் அல்ல. தென்னாப்பிரிக்க அணிக்கு உடற்பயிற்சியாளராக இருந்து இந்த வேலைக்கு வந்தவர். 2024-ல் நம் குகேஷ் சிங்கப்பூரில் உலக சதுரங்கப் பட்டம் வென்றபோதும் பின்னால் இருந்து உதவியவர் அவரே. ஆனால் அவரை யாரும் சான்றிதழ் பார்த்துக் கூப்பிடவில்லை. வருடக்கணக்காக ஆட்டக்காரர்களோடு மைதானத்திலேயே கிடந்தவர் அவர்.

உங்கள் சர்வீஸுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வேலை என்ன என்பது அதிலேயே இருக்கிறது. நடுவர் விசில் அடித்ததும் சர்வீஸ் போட 8 வினாடி உண்டு. மற்ற நேரத்தில் நீங்கள் அதை எண்ணிக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். கை தானாகப் போகும். 24-24 என்றதும் மனசு கையைக் கவனிக்கத் தொடங்குகிறது. பந்தை எவ்வளவு உயரம் தூக்குகிறோம், முழங்கை மடங்குகிறதா, மணிக்கட்டு சரியா என்று. பல்லாயிரம் முறை செய்து உடம்பு தன் வசமாக்கிக்கொண்ட ஒரு வேலையில் மூளை திரும்ப உள்ளே புகுந்து மேஸ்திரி வேலை பார்க்கிறது. தோள் இறுகுகிறது, மூச்சு மேலேயே நிற்கிறது, பந்து நெட்டுக்குப் போகிறது. உங்களுக்குத் திறமை குறைவு என்பதால் அது நடக்கவில்லை. பழகியவர்களுக்குத்தான் அது நடக்கும்.

இதற்குச் செய்யக்கூடியது உண்டு. பந்தை இரண்டு முறை தரையில் தட்டுவது, மூச்சை நீளமாக வெளியே விடுவது, எதிர்க் கோர்ட்டில் பந்து விழ வேண்டிய இடத்தை ஒரு முறை பார்ப்பது, மனசுக்குள் ஒரே ஒரு வார்த்தை சொல்வது, அடிப்பது. இவ்வளவையும் 8 வினாடிக்குள், ஒவ்வொரு சர்வீஸுக்கும், பயிற்சியிலும் மேட்சிலும் மாறாமல் செய்ய வேண்டும். மனசுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அது கையை விட்டுவிடும். “தைரியமா இரு கண்ணு” என்று முதுகில் தட்டுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் படிப்பு.

ஆனால் மூச்சுப் பயிற்சியும், ஆட்டத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கும் கற்பனைப் பயிற்சியும் யூடியூபிலேயே கிடைக்கின்றன. இந்த வேலையின் முதுகெலும்பு வேறு. ஒரு அகாடமி உங்களைக் கூப்பிடுகிறது, சம்பளம் அகாடமி தருகிறது என்று வையுங்கள். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி உங்களிடம், “அக்கா, எனக்கு ஆடவே பிடிக்கலைங்க. அப்பாவுக்காகத்தான் வர்றேன். அரசு வேலையில 3 சதவீத ஒதுக்கீடு இருக்குன்னு அப்பா சொல்லிட்டே இருக்காரு” என்று அழுகிறாள். வெளியே வந்தால் கோச் நிற்கிறார். “என்னம்மா சொன்னா? அடுத்த வாரம் டீம்ல போடலாமா?” என்கிறார். நல்ல மனுஷர், அக்கறையோடுதான் கேட்கிறார். உங்களுக்குப் பணம் தரும் அகாடமியின் ஆளும் அவர்தான். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஒரு வார்த்தை சொன்னாலும் சாயங்காலத்துக்குள் டீமின் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு உங்களிடம் வருகிறவர்கள் எல்லாரும் “நல்லா இருக்கேங்க அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். அதனால் வேலையில் சேரும் முதல் நாளே கோச், பெற்றோர், பிள்ளை மூவரையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். “பிள்ளை சொல்வது பிள்ளைக்கும் எனக்கும் மட்டும். டீமில் போடலாமா வேண்டாமா என்பதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன்” என்று. விதிவிலக்கு என்னென்ன என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மறைக்க முடியாது. பதினெட்டு வயதுக்குக் கீழான பிள்ளை பாலியல் தொந்தரவு என்று சொன்னால், 2012-ன் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அது யார் மேல் வரும் புகாராக இருந்தாலும். இதை ஏற்றுக்கொள்ளாத அகாடமி எவ்வளவு சம்பளம் தந்தாலும் போகாதீர்கள். இந்த இடத்தில் நான் கொஞ்சமும் இறங்கி வர மாட்டேன்.

இன்னொரு எல்லையும் உண்டு. தூக்கமே இல்லை, எடைப் பிரிவுக்காகச் சாப்பாட்டை வாந்தி எடுக்கிறாள், சாக வேண்டும் போலிருக்கிறது என்கிறாள் என்றால் அது உங்கள் வேலையல்ல. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416 இருக்கிறது. கையைப் பிடித்து அங்கே கொண்டுபோய் விட வேண்டும். “எம் புள்ள என்ன பைத்தியமா?” என்று கேட்கும் பெற்றோரிடம் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் கதையைச் சொல்லுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் காற்றில் சுழலும்போது தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் போக, அணி இறுதிப் போட்டியிலிருந்து பாதியில் விலகினார். தெரபிக்குப் போவதை ஒளிக்கவில்லை. 2024 பாரிஸில் மூன்று தங்கம் வென்றார்.

சரி, படிப்பு. எம்.எஸ்ஸி. சைக்காலஜி முதலில். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே உளவியல் துறை இருக்கிறது, வீட்டிலிருந்து தூரமும் இல்லை. விளையாட்டு உளவியலையே நேராகப் படிக்க வேண்டுமென்றால் மணிப்பூரில் தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகம் எம்.ஏ. நடத்துகிறது. தூரம்தான், ஆனால் விசாரித்து வையுங்கள். படிக்கும்போதே உங்கள் பழைய பள்ளி பி.இ.டி. ஆசிரியரிடம் கேட்டு, மாலையில் மைதானத்தில் போய் உட்காருங்கள். அறிவுரை சொல்ல வேண்டாம். யார் தோற்றதும் தண்ணீர் குடிக்கத் தனியாகப் போகிறார்கள், யார் அப்பா கேலரிக்கு வந்ததும் ஆட்டம் மாறுகிறது, இதையெல்லாம் நோட்டில் எழுதுங்கள். ஆடத் தெரிந்தவர் என்பது உங்களுக்குப் பெரிய பலம். பிள்ளைகள் சீக்கிரம் பேசுவார்கள்.

அப்பாவின் கேள்வி நியாயமானது, அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். விளையாட்டு உளவியலாளர் என்று மாதச் சம்பளத்துக்கு எடுக்கும் வேலைகள் குறைவு. நம் பக்கத்தில் அகாடமிகளும் விளையாட்டில் அக்கறையுள்ள பள்ளிகளும் வாரம் ஒரு நாள், இரண்டு நாள் என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் முதல் சில வருடம் பள்ளி கவுன்சலராக ஒரு நிலையான வேலையும், மாலையிலும் சனி ஞாயிறும் மைதானமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கொங்குப் பக்கம் பத்தாவது வந்ததும் “பந்தை எடுத்து மேல வை” என்று பிள்ளையை மைதானத்திலிருந்து இழுத்துவிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. பரீட்சை அறையில் கை நடுங்குவதும் 24-24-ல் கை நடுங்குவதும் ஒரே சங்கதி. அந்தப் பள்ளிகளுக்கு நீங்கள் தேவைப்படுவீர்கள், அதற்குச் சம்பளமும் தருவார்கள்.

அப்பாவை ஒரு மேட்சுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சர்வீஸுக்கு முன் அந்த 8 வினாடியில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். 40,000 ரூபாய் எம்.எஸ்ஸி. கட்டணத்துக்கு இருக்கட்டும்.